சனிக்கிழமை ஒத்திகை: பென்சிலோடு வாங்க

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலயத்தில் நம்ம பாடகர் குழு ஒத்திகை. கீபோர்டு கிடையாது, சுருதிக்கு டியூனிங் ஃபோர்க் மட்டும்தான்.

முதலில் ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’ (1605-ல் வெளியானது). ‘வேரும்’ வரும் இடத்தில் சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) எஃப் ஷார்ப். உடனே பாஸ் (தாழ்ந்த ஆண் குரல்) அரைச்சுரம் குறைந்த எஃப் நேச்சுரல். காதில் உரசும். அந்த உரசல் பேர்டு வேண்டுமென்றே வைத்தது. பாஸ் அண்ணன்மார் தயவுசெய்து அதைச் ‘சரிசெய்ய’ வேண்டாம்!

அடுத்து எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் ‘தா பாச்செம் தோமினே’. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு நாள் கழித்து அவர் எழுதத் தொடங்கியது. நோட்டு சுலபம், மூச்சுதான் சோதனை. பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நீங்களும் எடுக்காதீங்க.

வர முடியாதவங்க வெள்ளி இரவுக்குள் சொல்லிடுங்க, முக்கியமாக டெனர் (உயர்ந்த ஆண் குரல்). இருப்பதே மூன்று பேர்.