கண்ணா, பல்லா?

நாக்ஸ்வில், டென்னசி
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நேற்றும் இன்றும் நான் போனை எடுக்கவில்லை என்று நீ தவித்துப் போயிருப்பாய். இரண்டு நாளும் ஓர் இலவச மருத்துவ முகாமில் இருந்தேன். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம். காலை ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். ஆனால் முதலில் வந்தவருக்கே முதல் இடம் என்பதால் நள்ளிரவிலேயே வந்து காருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். நான் ஐந்து மணிக்குப் போனபோது மைதானம் நிறையக் கார்கள். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சுப் படிந்து கண்ணாடிகள் வெளுத்திருந்தன. வைகாசி விசாகத்துக்கு முந்தின இரவு திருச்செந்தூர்க் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்களே, எனக்கு அந்த ஞாபகம் வந்தது. இவர்கள் வந்திருந்தது பல் பிடுங்கிக்கொள்ள.

முகாமை நடத்துவது ரிமோட் ஏரியா மெடிக்கல் என்ற அமைப்பு. ஸ்டான் பிராக் என்ற ஆங்கிலேயர் 1985இல் தொடங்கியது. இளவயதில் அவர் தென்னமெரிக்காவில், கயானாவின் உட்பகுதியில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். குதிரையால் பலத்த காயம் பட்டுக் கிடந்தபோது, பக்கத்து மருத்துவர் எங்கே என்று கேட்டாராம். இருபத்தாறு நாள் நடக்க வேண்டும் என்றார்களாம். அப்படிப்பட்ட காட்டுப் பகுதிகளுக்காகத்தான் இதை ஆரம்பித்தார். ஆனால் 1992இல் இதே டென்னசியில் ஸ்னீட்வில் என்ற சிற்றூரில் முகாம் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவுக்குள்ளேயே வேலை பெருகிவிட்டது. அவர் 2018இல் இறந்துபோனார். சம்பளம் வாங்கியதில்லை, தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவிடம் இதைக் கட்டாயம் படித்துக் காட்டு.

இவ்வளவு பணக்கார நாட்டில் ஏன் இப்படி என்று கேட்பாய். இங்கே பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு வருகிறது. வேலை போனால் அதுவும் போய்விடும். பகுதி நேர வேலைகளில் பல சமயம் அது கிடைப்பதே இல்லை. 2023 கணக்குப்படி ஏறக்குறைய 2.6 கோடிப் பேருக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு உள்ளவர்களுக்கும் பல்லும் கண்ணும் பெரும்பாலும் தனிக் கணக்கு. 65 வயதானவர்களுக்கு அரசு தரும் மெடிகேரில்கூட வழக்கமான பல் வைத்தியம் சேராது. வாயும் உடம்பில் ஓர் அங்கம்தானே அம்மா? இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

முகாமில் அடையாள அட்டை கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான்: கண்ணா, பல்லா? ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நேரம் போதாது என்பதால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு முன்னால் அக்காள் தங்கை இருவர் நின்றார்கள். இருவருக்குமே பார்வை மங்கல், இருவருக்குமே பல் வலி. அக்காள் ஒரு கணம் தங்கையின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். "இவளுக்குப் பல், எனக்குக் கண்" என்றாள். வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

உன் மகள் பல் மருத்துவப் பட்டம் வாங்கியவள். ஆனால் இந்த ஊரில் மறுபடி சில வருடம் படித்துத் தேர்வும் எழுதாமல் ஒருவருக்கு ஊசி போடக்கூட எனக்கு உரிமை இல்லை. அதனால் விளக்குப் பிடித்தேன், பஞ்சு எடுத்துக் கொடுத்தேன், நோயாளிகளைக் கைப்பிடித்து அழைத்துப்போனேன். கூடைப்பந்து மைதானத்தில் வரிசையாகப் பல் நாற்காலிகள். எல்லாம் லாரியில் வந்து இறங்கியவை.

மதியம் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கூரை வேலை செய்கிறவர். நாற்பது வயதுதான் இருக்கும். மேல்வரிசையில் நாலு பல் வேர்வரை சொத்தை. மற்றவை நன்றாக இருந்தன. அவர் மருத்துவரிடம், "மேலே இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்றார். நல்ல பல்லை ஏன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டதற்கு, "அடுத்த முறை வலிக்கும்போது நீங்கள் இருக்க மாட்டீர்களே" என்றார். என் கையில் இருந்த விளக்கு ஆடிவிட்டது. மருத்துவர் சம்மதிக்கவில்லை. நாலைப் பிடுங்கினார், இரண்டை அடைத்தார். நான் பஞ்சை மடித்து வைத்து, "அரை மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள், எச்சிலைத் துப்பாதீர்கள்" என்றேன். ஊரில் ஆயிரம் முறை சொன்ன வாக்கியம். இங்கே வந்து மூன்று வருடம் கழித்து நேற்றுத்தான் மறுபடி என் வாயில் வந்தது. அவர் பேச முடியாமல் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

வெளியே ஒரு லாரிக்குள்ளேயே மூக்குக் கண்ணாடிக்கு வில்லை அறுத்துக் கொடுக்கிறார்கள். அந்த அக்காள் சாயங்காலம் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்து மடித்த மின்கட்டண ரசீது ஒன்றை எடுத்து அங்கேயே நின்று முழுக்கப் படித்தாள். பிறகு அதைத் தங்கைக்கும் வாசித்துக் காட்டினாள். தங்கை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

உனக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் ரத்த அழுத்த மாத்திரையை வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள் அல்லவா? முகாமில் என்னோடு வேலை செய்தவர்களிடம் அதைச் சொன்னேன். "வீட்டுக்கே வருவார்களா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். அடுத்த முறை அவள் வரும்போது உட்காரவைத்து ஒரு காபி கொடு அம்மா.

அடுத்த முகாமுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். படிப்பைப் பற்றியும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். செலவு அதிகம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போது உன் விஷயம். இடது கடைவாய்ப் பல்லில் ஆறு மாதமாகக் கிராம்பை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாய் என்று அப்பா சொன்னார். பாளையங்கோட்டை பஸ் ஏறினால் அரை மணி நேரம். திங்கட்கிழமை காலை போய்க் காட்டு. பிடுங்க வேண்டாம், வேர் சிகிச்சை செய்ய முடியுமா என்று முதலில் கேள். என்ன சொன்னார்கள் என்று அன்று இரவே எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன் அன்பு மகள்