அந்த வசனத்தை அடுத்தவர் தலையில் ஏற்றலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒப்பந்தச் செவிலியர்களின் போராட்டம் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். செவிலியர் வேலை தொண்டு, தொண்டு செய்கிறவர்கள் சம்பளத்துக்காகத் தெருவில் உட்காரலாமா என்று கேட்டிருந்தார். கூடவே வேதாகமத்தில் லூக்கா சுவிசேஷம் 17-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தையும் எடுத்துக் காட்டியிருந்தார்: 'நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம் என்று சொல்லுங்கள்.' அவர் வேதம் வாசிக்கிறவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. வன்மமாகவும் எழுதவில்லை. ஆனாலும் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி, தொழுநோயாளர்களின் கால்புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரெஸ்ஸிங் அறையில் போனது. அன்பர் எடுத்துக்காட்டிய அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் அந்த அறையில் காலந்தள்ளினேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்த வசனம் எங்கே வருகிறது என்று அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் விளங்கும். ஒருவன் ஒரே நாளில் ஏழு தரம் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்து, ஏழு தரமும் வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்றால் அவனை மன்னித்துவிடு என்கிறார் இயேசு. அதைக் கேட்டவுடனே அவருடைய சீஷர்களான அப்போஸ்தலர்கள், 'எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்' என்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் என்கிற ஜெபக்கூட்டப் பந்தல்களில் இதே ஜெபத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வியாதி சுகமாக, மகனுக்கு வேலை கிடைக்க, கடன் தீர என்றுதான் கேட்பார்கள். கேட்பது தவறில்லை. ஆனால் அப்போஸ்தலர்கள் அன்று விசுவாசம் கேட்டது அற்புதத்துக்காக அல்ல. கூடவே இருந்து திரும்பத் திரும்ப மனசை நோகடிக்கிற மனுஷரோடு கசப்பில்லாமல் வாழ்வதற்காகக் கேட்டார்கள். ஒரு வார்டில் இரவு டியூட்டி பார்த்தவர்களுக்கு, ஒரே வீட்டில் மாமியாரோடும் மருமகளோடும் இருந்தவர்களுக்கு, அந்த ஜெபம் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டாம்.

இயேசு அதற்குக் கடுகளவு விசுவாசம் போதும் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு வேலைக்காரனைக் காட்டுகிறார். பகலெல்லாம் உழுதோ மந்தை மேய்த்தோ வயலிலிருந்து வருகிறான். வந்தவன் உட்காரவில்லை. அரைக்கட்டிக்கொண்டு எஜமானுக்குச் சாப்பாடு ஆயத்தம்பண்ணி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பரிமாறுகிறான். அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சோறு. அவனை எங்கள் ஊர்களில் தேடவே வேண்டாம். காலையில் நூறு நாள் வேலைக்குப் போய், வந்ததும் பீடித் தட்டை மடியில் வைத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து, எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். விசுவாசத்தைக் கூட்டித் தாரும் என்றவர்களுக்கு இயேசு காட்டிய ஆள் இப்படிப்பட்டவன். இதை நினைத்து நினைத்து நான் நின்றுபோன நாட்கள் உண்டு.

இனி, 'சொல்லுங்கள்' என்று அவர் சொன்னது யாருக்கு? வேலையை முடித்தவர்களுக்கு. அதுவும், தங்களைக் குறித்துத் தாங்களே சொல்லிக்கொள்ள. நான் என் வாயால் என்னைப்பற்றி அதைச் சொன்னால் அது தாழ்மை. ஒரு நிர்வாகமோ அரசாங்கமோ கமிட்டியோ என்னைப் பார்த்து அதையே சொன்னால் அதற்குப் பெயர் வேறு. அன்பர் அந்த வசனத்தைத் தன் உழைப்பைப்பற்றிச் சொல்லியிருந்தால் நான் தலைவணங்கியிருப்பேன். அடுத்தவர் சம்பளத்தைப்பற்றிச் சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

அதே லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில், வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று இயேசு சொல்கிறார். யாக்கோபு தன் நிருபத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறார். ஒப்பந்தச் செவிலியர்கள் விஷயத்தில் நடந்தது என்ன? 2015-இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்றார்கள். அந்த இரண்டு ஆண்டு பலருக்கு எப்படி நீண்டது என்பதைத் தங்கள் நாளிதழே எழுதியிருக்கிறது. கொரோனா வார்டில் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர்களில் இவர்களும் உண்டு. வீட்டு வாடகை கொடுக்க முடியாத ஒரு பிள்ளையிடம் நீ தொண்டு செய்கிறாய் என்று சொல்லி அனுப்பினால், அது 'சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாய்வார்த்தை சொன்னவர்களைக் குறித்து யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிற கேள்விக்குள்தான் வரும்: பிரயோஜனமென்ன?

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் இடையில் சில காலம் வேலைபார்த்த ஒரு மருத்துவமனையில், வார்டு பெருக்கும் ஆயாம்மாவுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கேட்கப் போனவரிடம், இது ஊழியம், ஆண்டவர் பலன் தருவார் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மறுநாளும் வந்து பெட்பேன் கழுவினார். அவர் செய்தது ஊழியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரை அனுப்பியவர்கள் செய்தது ஊழியம் அல்ல.

மிஷனெரிகள் சம்பளம் பார்த்தா வந்தார்கள் என்றும் அன்பர் கேட்டிருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோளே, ஊழியங்கொள்ளும்படி அல்ல, ஊழியஞ்செய்யவே என்கிற மாற்கு 10:45 வசனம்தான். அதைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரி ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தவர். அவர் உள்ளூர்ப் பெண்களைக் கூப்பிட்டு இலவசமாகப் பணிவிடை செய்யுங்கள் என்று சொல்லி நிறுத்தவில்லை. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் படிப்பும் தொடங்கினார். நோயாளியின் மலத்தை எடுக்கிற வேலை என்று ஊர் முகஞ்சுளித்ததைப் படிப்பும் பட்டமும் உள்ள தொழிலாக மாற்றினார்கள். அவர்கள் தங்களைத் தாழ்த்தினார்கள், மற்றவர்களை உயர்த்தினார்கள். அந்த வரிசை மாறக்கூடாது.

போராட்டத்தைப்பற்றி இது போதும். அந்த வசனம் ஒரு வேலை நாளுக்குள் எப்படி உதவுகிறது என்பதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நோய்க்கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடும். சூடு தெரியாது, முள் தெரியாது. ஆணி ஏறிய காலோடு மைல்கணக்கில் நடந்து வருவார்கள். புண் சீழ்பிடித்து எலும்பு வரை போய்விடும். இந்த உண்மையை, 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். அதற்குப் பிறகு வைத்தியத்தில் பாதி, காலைக் கவனிப்பது என்றாயிற்று. பேசினில் தண்ணீர் வைத்துக் காலை ஊறவைக்கவேண்டும். தடித்துப்போன காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்க்கவேண்டும். ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவவேண்டும். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புதிதாகச் சிவந்த இடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுத்தான் அனுப்பவேண்டும். இதை நாளும் செய்யவேண்டும். யோவான் 13-இல் இயேசு சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பெரிய வியாழனன்று கோயிலில் வாசிப்பார்கள். எங்களுக்கு வருஷம் முழுக்கவும் அந்த வாசிப்பு இருந்தது.

அந்த வேலையில் நன்றி எதிர்பார்த்தால் ஒரு மாதம்கூட நிற்க முடியாது. ஆறின புண்ணோடு அனுப்பியவர் ஆறே வாரத்தில் வேறொரு புண்ணோடு வருவார். செருப்பை விற்றுவிட்டிருப்பார். திட்டுகிறவர்களும் உண்டு. வீட்டார் கைவிட்ட கோபத்தை யார்மேல் காட்டுவார்கள்? கிட்டத்தில் நிற்கிறவர்மேல்தான். அப்போதெல்லாம், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன். அது என்னைச் சிறுமைப்படுத்தியதே இல்லை. இவர் எனக்கு ஒன்றும் கடன்படவில்லை என்ற நினைப்பு வந்துவிட்டால், மறுபடியும் அதே காலைக் கையில் எடுப்பது லேசாகிவிடும். ஏழு தரம் மன்னிப்பதும் இதுவும் ஒன்றுதான் என்பது எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது. சம்பள நாளில் சம்பளத்தை எண்ணி வாங்குவதற்கும் இதற்கும் ஒரு முரணும் இல்லை. கூலி நிர்வாகம் தரவேண்டியது. நோயாளி தரவேண்டியதல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காலைக் கழுவுவதைவிடக் காலை நீட்டுவது கடினம். எத்தனை பேர் வேட்டி நுனியால் காலை மூடிக்கொண்டு, வேண்டாம் சிஸ்டர், நாறும் என்று பின்வாங்கியிருக்கிறார்கள்! 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்று சீஷனான பேதுரு இயேசுவிடம் சொன்னதும் இந்தக் கூச்சம்தான். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பிறகுதான் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிற்பாடு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார். அவர் கைகள் செய்ததைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். தன்னைத் தூக்கி உட்காரவைக்க வேறொருவர் கையை ஒவ்வொரு நாளும் ஏற்றுக்கொண்டாரே, அதற்கும் அதே அளவு விசுவாசம் வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது எங்கள் தெருவில் தொழுநோயாளர் இல்லை. சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கால் மரத்துப்போகிறது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாத வயது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். சாயங்காலம் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்க் காலைப் பார்த்துவிட்டு வருகிறேன். சர்க்கரைக் காலை ஊறவைக்கக் கூடாது. கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றியெடுக்கவேண்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, காலாணியை பிளேடால் சீவக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள நர்சிங் படித்திருக்க வேண்டியதில்லை. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் பெண்கள் ஐக்கியத்தாரும் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு முதியவரின் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் போகலாம். முதியவர்களும் கூச்சப்படாமல் காலை நீட்டவேண்டும்.

கடைசியாக எங்கள் சபை விஷயம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் அசனம் என்கிற சபை விருந்து எப்படி நடக்கும் என்று தங்கள் வாசகர்களுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அண்டாவில் சோறு வெந்து, ஊரே பந்தியில் உட்காரும். சாதி பார்த்து உட்கார்ந்த ஊர்களில் எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைத்த விருந்து அது. அதை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனால் முதல் பந்தியில் விருந்தினரும் கமிட்டியாரும் உட்காருகிறார்கள். அண்டா கழுவுகிற பெண்களும், கோயில் பெருக்கி மணியடிக்கிறவரும், இலை எடுக்கிறவர்களும் கடைசியில், குழம்பு வற்றியபின் சாப்பிடுகிறார்கள். லூக்கா 12:37-இல் எஜமானே அரைக்கட்டிக்கொண்டு, வேலைக்காரரைப் பந்தியிருக்கச்செய்து, சமீபமாய் வந்து அவர்களுக்கு ஊழியஞ்செய்வார் என்று இயேசு சொல்லியிருக்கிறார். 17-ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் 12-ஐயும் வாசிக்கவேண்டும்.

இந்த வருஷ அசனத்தில் அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்து, கமிட்டி அங்கத்தினர்கள் பரிமாறவேண்டும் என்றும், மணியடிக்கிறவரின் சம்பளத்தை உயர்த்தி மாதத்தின் முதல் வாரத்திலேயே கொடுக்கவேண்டும் என்றும் எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் செயலர் சொல்லியிருக்கிறார். மற்றச் சபைகளில் உள்ளவர்களும் தங்கள் கமிட்டிக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.