டயர் வெடித்தால் விதியைச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் ஒருவர், விபத்து என்பது விதிப்படி நடப்பது, நேரம் சரியில்லை என்றால் யார் ஓட்டினாலும் நடந்தே தீரும், யாரையும் குறை சொல்லிப் புண்ணியமில்லை என்று எழுதியிருந்தார். சங்ககிரியில் லாரிப் பட்டறை நடத்தும் என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பட்டறைக்கு வருகிற வண்டிகள் சிலவற்றில் முன் டயர் தேய்ந்து மொட்டையாகியிருக்கும். ஓரத்தில் ரப்பர் கிழிந்து உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியும். கையை வைத்தால் குத்தும். "மாத்தீருங்க" என்றால், "இந்த ஒரு லோடு மட்டும் ஓடட்டுங்ண்ணா, வாடகை வந்ததும் மாத்திக்கலாம்" என்பார்கள். அதே வண்டியின் முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகக் கட்டியிருக்கும். கட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் கட்டுகிறவன்தான். ஆனால் அது மொட்டை டயருக்கு ஈடாகாது. அந்த டயர் பெருந்துறை தாண்டி வெடித்தால் யார் மேல் பழி போடுவது? தெரிந்தே வண்டியை அனுப்பியவர் மேல்தான்.

2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2010-ல் நடந்த ஒரு கார் விபத்தில், டயர் வெடித்தது தெய்வச் செயல், இழப்பீடு தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. தெய்வச் செயல் அல்ல, மனிதரின் கவனக்குறைவுதான் என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே, டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டிப் போய்க் கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தார்கள். அங்கேயும் முதலில் டயர் வெடித்ததாகத்தான் பேச்சு அடிபட்டது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்ற தகவல் பிறகுதான் வந்தது.

சரி, தூங்கியவர் மேல் தப்பு. அதோடு முடிந்ததா? அந்த ஒரு வண்டியைச் சொல்லவில்லை, எங்கள் தொழிலையே சொல்கிறேன். ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைதான் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே சொன்னது. எத்தனை வண்டியில் இது நடக்கிறது? விடிவதற்குள் சரக்கு இறங்கியாக வேண்டும் என்று நெருக்குகிற பார்ட்டிக்கும், இரண்டாவது ஓட்டுநர் போடாத முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை ஏற்க இவர்களில் யாரும் முன்வந்து நான் பார்த்ததில்லை.

விபத்து என்பதே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. திம்பம் மலைப்பாதையில் நிதானமாகப் போகிற நல்ல வண்டி மேல் பாறை உருண்டு விழுந்தால் யார் என்ன செய்ய முடியும்? தற்செயலாக நடந்ததைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது என்றுதான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் செய்தவர் உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மொட்டை டயர்க்காரர் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார்.

இன்னொன்று. ஓட்டுநர் வண்டியை விட்டுவிட்டு ஓடுவதற்கு நாமும் காரணம். கூட்டம் கூடியதும் முதலில் விழுவது அடிதான். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது. நின்று, தப்பு என்னுடையதுதான் என்று சொல்கிறவரை அடித்தால் அடுத்தவர் எப்படி நிற்பார்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் செய்தியோடு விட்டுவிடாமல், விசாரணை முடிந்த பிறகு டயர் எந்த நிலையில் இருந்தது, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை, வண்டியை அனுப்பியவர் என்ன சொன்னார் என்பதையும் அதே அளவு இடம் கொடுத்து வெளியிடுங்கள்.

- லாரிப் பட்டறைக்காரர், சங்ககிரி