சிறிய அறைக்கு ஆளுயர ஸ்பீக்கர் எதற்கு?

ஐயா,

இசைத்தட்டுகள் மீண்டும் விற்பனைக்கு வருவது பற்றிய கட்டுரை மகிழ்ச்சி தந்தது. ஆனால் ஸ்பீக்கரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் காலியாக இருக்கும் மாடியறை பத்துக்குப் பத்தடி. அதற்கும் ஆளுயரப் பெட்டிகளையே கடைகளில் காட்டுகிறார்கள். அவ்வளவு சிறிய அறையில் சுவரை ஒட்டி வைத்தால் அடித்தொனி, அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, அளவுக்கு மீறி வீங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கத்தின் ஒலி வெறும் முழக்கமாகக் கேட்கும். பின்பக்கம் துளையுள்ள பெட்டியென்றால் வீக்கம் இன்னும் மோசம். ஒலி எழுப்பும் கூம்பு ஐந்து அங்குலமே உள்ள சிறிய ஸ்பீக்கர் ஜோடியே தாராளம். அவற்றைக் காதளவு உயரத்தில், நம்மோடு சேர்த்துச் சமபக்க முக்கோணமாக அமைக்கலாம்.

இசைத்தட்டை ஓடவிடும் சுழல்தட்டு இருக்கும் மேசையில் மட்டும் ஸ்பீக்கரை வைக்கவே கூடாது. அதிர்வு முள்ளுக்கு ஏறி, மறுபடி ஸ்பீக்கர் வழியாக உறுமலாக வரும். பலர் இதைத் தட்டின் கோளாறு என்று நினைத்து, நல்ல தட்டுகளை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சேலம் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைப்பேசிப் பாட்டைப் போட்டுக் காட்டாமல், நாங்கள் கொண்டுவரும் தட்டை ஓடவிட்டுக் கேட்க இடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்மாபேட்டை, சேலம்.