எண்ணெயை நிறுத்தியதால்தான் போரா?

அன்புள்ள மகளுக்கு,

1941-இல் ஜப்பான் அமெரிக்காவோடு போருக்கு இறங்கியதைப் பற்றி, "அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது, எங்களுக்கு வேறு வழியில்லை" என்று உன் ஓசாகா அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதாகக் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வரலாறு சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவளிடம் கேட்டுவிட்டாய், இனி பொறுமையாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்துதான் போனது. 1941 ஆகஸ்டில் அது நின்றது. ஆனால் கதையை அங்கே தொடங்கினால் எப்படி? முந்தின மாதம்தான் ஜப்பான் படை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தெற்கு இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம் பக்கம்) நுழைந்திருந்தது. ஏன்? சீனாவில் நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த போரை முடிக்க முடியவில்லை. சீனாவுக்குள் எதற்குப் போனார்கள்? சீனாவின் வடகிழக்கில் முன்பே பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவைக் காப்பாற்ற. மஞ்சூரியா எதற்கு? 1910-இல் விழுங்கிய கொரியாவுக்குப் பாதுகாப்பாக. கொரியா? ஜப்பானுக்குப் பாதுகாப்பாக. ஒரு வேலியைக் காக்க அதற்கு வெளியே இன்னொரு வேலி.

அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. 1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வாசலில் வந்து நின்று கதவைத் திறக்க வைத்தன. 1895-இல் சீனாவை வென்று மஞ்சூரியாவின் தென்முனையான லியாவோதுங் தீபகற்பத்தைப் பெற்றார்கள். ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் மிரட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்றே வருடத்தில் அதே இடத்தை ரஷ்யா குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. யாருக்குத்தான் வயிறு எரியாது? பேரரசாக இருந்தால்தான் மரியாதை என்ற பாடத்தை மேற்கு நாடுகளிடமே கற்றார்கள். ஆனால் அந்தப் பாடத்துக்குக் கொரியர்களும் சீனர்களும் விலை கொடுத்தார்கள், அதுதான் என் சண்டை.

என்னைக் கேட்டால் போர் தொடங்கியது 1931 செப்டம்பர் 18 இரவு. மஞ்சூரியாவின் முக்டென் நகருக்குப் பக்கத்தில் ஜப்பானுக்குச் சொந்தமான ரயில் பாதையில் ஒரு வெடி. வைத்தது மஞ்சூரியாவில் நிறுத்தியிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகளே. திட்டம் போட்டவர்கள் இஷிவாரா கஞ்சி, இதாகாக்கி செய்ஷிரோ. வெடி எவ்வளவு சின்னது என்றால், சற்று நேரத்தில் அதே பாதையில் ஒரு ரயில் ஓடி ஊர் போய்ச் சேர்ந்தது! அதற்குள் பழியைச் சீனர்கள்மேல் போட்டு, விடிவதற்குள் நகரைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கொரியாவிலிருந்த தளபதி ஹயாஷி, பேரரசரின் உத்தரவு இல்லாமலே எல்லை தாண்டிப் படை அனுப்பினார். தோக்கியோ அமைச்சரவை என்ன செய்தது? நடந்தது நடந்துவிட்டது என்று செலவுக்குப் பணம் ஒதுக்கியது.

தண்டனை? ஹயாஷி 1937-இல் பிரதமரானார், இதாகாக்கி அடுத்த வருடம் போர் அமைச்சர். 1932-இல் பிரதமர் இனுகாயை வீடு புகுந்து சுட்ட கடற்படை இளைஞர்களுக்குக்கூட மரண தண்டனை இல்லை. கருணை கேட்டு மக்கள் மனு மேல் மனு அனுப்பினார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் பட்டு விலை சரிந்து கிராமங்கள் பட்டினியில் கிடந்த நேரம், அரசியல்வாதிகளைவிடப் படைவீரன் யோக்கியனாகத் தெரிந்தான்.

இதில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. 1936-இல் இஷிவாரா தலைமையகத்து ஆளாக மஞ்சூரியாவுக்குப் போய், உள்மங்கோலியாவில் கை வைக்காதீர்கள் என்று இளைய அதிகாரிகளிடம் சொன்னார். அன்று நீங்கள் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று அவர்களில் ஒருவரான முத்தோ அகிரா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம். மனிதரால் என்ன பேச முடியும்? அடுத்த வருடம் சீனாவோடு முழுப்போர். டிசம்பரில் சீனத் தலைநகர் நான்ஜிங்கைப் பிடித்து மக்களைக் கொன்று குவித்தார்கள். அந்தக் கொடுமையை எழுதக் கை வரவில்லை.

ஆக 1941-இல் அமெரிக்கா கேட்டது, சீனாவை விட்டு வெளியேறு என்பது. போருக்கு வேறு வழி இருந்தது, மகளே. இத்தனை வீரர்கள் செத்த பிறகு எப்படித் திரும்புவது என்று போர் அமைச்சராக இருந்து அந்த அக்டோபரில் பிரதமரான தோஜோ மறுத்தார். டிசம்பரில், ஹவாயிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரில் குண்டு விழுவதற்கு முன்பே, மலாயாவில் நம் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிவிட்டார்கள். அப்புறம் நம் தோட்டத்து ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது உனக்குத் தெரிந்த கதைதான்.

பெரியவரிடம் சண்டைக்குப் போகாதே. முக்டென் பற்றிப் பள்ளியில் என்ன படித்தார் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது. சரி, தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா இல்லையா? அப்பா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா