பதிவேட்டில் இல்லாத சிறுமிகளையும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

பிரிட்டன் அரசின் வெளிநாட்டு உதவிப் பணம் பன்னாட்டுக் குழந்தைகள் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செலவாவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இத்தனை ஆயிரம் பேர் பள்ளியில் சேர்ந்தார்கள், ஆகவே திட்டம் வெற்றி என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டன் 2012-இல் தொடங்கிய பெண் கல்வித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் அந்தப் பணத்தில் வேலை செய்தது பிளான் இன்டர்நேஷனல் என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனம். உள்ளூர் இளம்பெண்களைத் துணை ஆசிரியைகளாக அமர்த்தி, ஆசிரியப் பயிற்சிக்கும் வழிசெய்தார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். அத்திட்டம் சேர்க்கைக் கணக்கோடும் நிற்கவில்லை. சிறுமியின் கையில் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைப் பிழையில்லாமல் வாசிக்கிறாள் என்று குறித்துக்கொள்வார்கள். திட்டம் நடக்காத ஊர்ப் பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லி ஒப்பிடுவார்கள். வெறும் தலைக்கணக்கை விட இது எவ்வளவோ மேல். வகுப்பறையில் வாழ்ந்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆனால் வாசிக்க உட்காருகிறவள் யார்? எபோலா தொற்றுநோயால் 2014-இல் மூடிக் கிடந்த பள்ளிகள் அங்கே 2015 ஏப்ரலில்தான் திறந்தன. கர்ப்பமான சிறுமிகள் வகுப்புக்கு வரக் கூடாது என்று அரசு அப்போதே தடை போட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்து, 2020 மார்ச்சில்தான் தடை நீங்கியது. ஐந்தாண்டுகள்! வருகைப் பதிவேட்டை வைத்து அளக்கும் எந்த மதிப்பீட்டிலும் அந்தச் சிறுமிகள் தென்படவே மாட்டார்கள். வகுப்பில் மிஞ்சியவர்கள் நன்றாக வாசித்தால், எல்லாம் சரியாக நடந்ததாகவே அறிக்கை சொல்லும்.

பிரிட்டனின் உதவிப் பணிகளை ஆராயும் சுயேச்சை ஆணையம், பெண் கல்விக்கான பணிகளை 2016-இல் ஆராய்ந்தது. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நான்கு படிகளில் மூன்றாவது படியைத்தான் கொடுத்தது. மிகவும் ஒதுக்கப்பட்ட சிறுமிகள் மீது வைத்த கவனம் செயல்படுத்தும்போது நழுவிவிடுகிறது என்பது அது சொன்ன முக்கியக் குறை. தொண்டு நிறுவனமே தேர்ந்து, தானே ஊதியம் தரும் ஆய்வாளர் இவ்வளவு கறாராக எழுதுவாரா? அடுத்த தவணைப் பணமே அந்த அறிக்கையைப் பொறுத்ததாயிற்றே!

ஆகவே ஆய்வாளரை அமர்த்தும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பிடமே இருக்க வேண்டும். அவர் பள்ளியோடு திரும்பிவிடாமல் வீடுகளுக்கும் போக வேண்டும். உங்கள் நிருபரும் அடுத்த முறை, இடையில் நின்ற பிள்ளைகளைத் தேடி யார் போனார்கள் என்று அந்த நிறுவனங்களிடம் கேட்டு எழுதட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
லண்டன்