ஜூனிபர் நுனியைக் கிள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பக்கத்தில் ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக, வளர்ப்பது பற்றி வந்த குறிப்பு, வாரம் ஒருமுறை நுனிகளை நகத்தால் கிள்ளிவிட்டால் மரம் அடர்த்தியாகும் என்கிறது. ஆல், இச்சி, புளி வளர்ப்பவர்களுக்கு அது பொருந்தும். ஜூனிபரை அப்படிக் கிள்ளிக்கொண்டே இருந்தால் மரம் மெலிந்து, கிளை கிளையாகக் காய்ந்துபோகும்.

ஆலை மொட்டையடித்தாலும் அடிமரத்திலிருந்து துளிர் வரும். ஜூனிபருக்கு அந்தக் குணம் கிடையாது. அதன் பலத்தில் பெரும்பகுதி பச்சையில்தான், அதாவது இலைகளில்தான் இருக்கிறது. வேர் ஓடுவதற்குத் தூண்டுதல் தருவதும் வளரும் நுனிகள்தான். எல்லா நுனிகளையும் ஒரேயடியாக எடுத்தால் வேரும் சேர்ந்து சோர்ந்துவிடும். பச்சையே இல்லாமல் உருவிவிட்ட கிளை மறுபடி துளிர்ப்பது அபூர்வம். ஜப்பானில் கண்காட்சிக்கு முன் விளிம்பு நேர்த்தியாகத் தெரிவதற்காக நுனி கிள்ளுவார்கள். அதைப் பார்த்தவர்கள் அன்றாடப் பராமரிப்பே அதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செய்ய வேண்டியது கத்தரி வேலை. மரத்தைக் கொஞ்ச நாள் தாராளமாக வளரவிடுங்கள். உருவத்தின் விளிம்பைத் தாண்டி நீண்டு ஓடும் துளிர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். துளிரை விரலால் பின்தொடர்ந்து உள்ளே போனால், அதிலிருந்து ஒரு பக்கத்துளிர் பிரியும் இடம் தெரியும். கூர்மையான, குறுகிய முனையுள்ள கத்தரியால் அந்தக் கவட்டில் வெட்ட வேண்டும். இப்படி வெட்டினால் வெட்டுவாய் பச்சைக்குள் மறைந்துவிடும், பக்கத்துளிர் புது நுனியாகும். வேலிச்செடிக்கு மட்டம் தட்டுவதுபோல் மேலாக வெட்டினால் செதில் போன்ற சிறு இலைகள் பாதியில் அறுபட்டு, சில நாளில் நுனியெல்லாம் பழுப்பாகும். நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்கள் உண்டு. அது வெட்டின காயம்தான்.

ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குப் பச்சைக்கு மேல் எடுக்கக் கூடாது. மீறினால் செதில் இலை ரகங்களில் முள் முள்ளாக இளம் இலை கிளம்பும். பழைய செதில் திரும்ப ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். அந்த முள்ளையும் வெட்டினால் இன்னும் முள்தான் வரும், விட்டுவிடுங்கள். கிளையின் அடிப்பக்கம் தொங்குபவற்றையும் கவட்டில் நெருக்கியடிக்கும் துளிர்களையும் எடுக்கலாம். உள்ளே இருக்கும் மெல்லிய துளிர்களைச் சுத்தம் என்ற பேரில் உருவிவிடாதீர்கள். நாளைக்குக் கிளையைக் குறுக்க வேண்டுமென்றால் வெட்டிப் பின்வாங்க அந்தத் துளிர்தான் இடம் தரும்.

தடித்த கிளையை நீக்கும்போது அடியோடு ஒட்ட வெட்ட வேண்டாம். ஓரிரு அங்குலம் விட்டு, பட்டையை உரித்து, மரநாரைக் கீழ்நோக்கிக் கிழித்து விடுங்கள். ஜப்பானியர் இதை ஜின் என்பார்கள். அடிமரத்தில் பட்டை நீங்கி வெளுத்த பகுதி ஷாரி. நீகாட்டா மாநிலத்து இட்டோயிகாவா மலைப்பாறைகளில் பனியும் காற்றும் ஷிம்பாக்கு என்ற ரக ஜூனிபர்களில் தாமாகச் செதுக்கிய அழகு அது. நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு கந்தகக் கரைசல் பூசினால் கட்டை வெளுத்து, மட்காமல் நிற்கும். கரைசல் மண்ணில் சொட்டாமல் தொட்டியை மூடிக்கொள்ள வேண்டும். ஷாரி எடுக்கும் முன், எந்த உயிர்ப்பட்டை எந்தக் கிளைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனிபரில் ஒரு வேர் ஒரு கிளைக்கு என்கிற மாதிரி சாறோட்டம் இருக்கும். நடுவில் பட்டையை அறுத்தால் மேலே உள்ள கிளை சாகும்.

கிளையை வளைத்து நிறுத்தச் சுற்றும் கம்பி, கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். சுற்றின் சாய்வு 45 டிகிரி. வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பார்த்து, பட்டையில் பதியத் தொடங்கும்போதே துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றிக் கழற்றினால் கிளை ஒடியும்.

மண் சரியில்லாமல் பல மரங்கள் போகின்றன. தோட்ட மண்ணும் தென்னை நார்க்கழிவும் நிரப்பிய ஆழமில்லாத தொட்டியில் வேர் அழுகும். 3 முதல் 6 மில்லிமீட்டருக்குச் சலித்து, தூசி கழுவிய செங்கல் சல்லி, பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் போன்றவை நல்லது. மலைப்பகுதியில் தொட்டி மாற்ற உறைபனி விலகிய பிப்ரவரி, மார்ச் ஏற்ற காலம். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், பழைய மண்ணை ஒரேயடியாகக் கழுவாதீர்கள். தொட்டி மாற்றிய பருவத்தில் பெரிய கவாத்தும் கூடாது.

இன்னொன்று: செத்த ஜூனிபர் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நிறம் மங்கி, தொட்டால் மொறமொறவென்று இருக்கும்போதுதான் தெரியவரும். அதனால் நேற்று தண்ணீர் விட்டதாலோ வெயிலில் வைத்ததாலோ செத்தது என்று முடிவுகட்ட முடியாது. காரணம் சில வாரம் முன்பே நடந்திருக்கும். வீட்டுக்குள் வைத்ததும் பல நேரம் காரணமாக இருக்கும். ஜூனிபருக்கு நேர் வெயிலும் காற்றும் வேண்டும், வரவேற்பறை மேசை ஆகாது. இலை சாம்பல் பூத்தால் கிளையை வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ஊரும் புள்ளிகள், சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப் பேன்.

குறிப்பில் ஊர் பற்றிப் பேச்சே இல்லை. உதகை, கொடைக்கானல், ஏற்காடு குளிரில் ஜூனிபர் ஓரளவு நன்றாக வரும். சென்னை, மதுரை, திருச்சியில் குளிர்கால ஓய்வு கிடைக்காமல் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். ஊசியிலைத் தோற்றத்தை விரும்பும் சமவெளி வாசகர்களுக்குச் சவுக்கைச் சொல்லியிருக்கலாம். நம் கடற்கரை வெயிலுக்கும் மணலுக்கும் பழகிய மரம், கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். அடுத்த இதழிலாவது இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், கோத்தகிரி